பின்னால் நடந்த வரிசை

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மாவின் தோள்பட்டை வலிக்காக, பீளமேட்டுப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் பெரிய ஜெப மண்டபத்துக்குப் போயிருந்தோம். வாசலிலேயே டோக்கன் கொடுத்தார்கள். எங்களுக்கு நாற்பத்தேழு. பக்கத்தில் ஓர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தொண்ணூறு. "நீங்க முன்னால போங்க" என்று எங்கள் டோக்கனை நீட்டினேன். டோக்கன் கொடுத்த பிள்ளை ஓடி வந்து, "மாத்தக்கூடாதுங்க அங்கிள், கம்ப்யூட்டர்ல ஏறிருச்சு" என்றது. சரி என்று பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா பூசியிருந்த நீலகிரித் தைலத்தின் வாசம் என்னை விடவில்லை. நேராக அந்தக் காலத்து அன்னூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்னூரில் வாடகை வீடு. ஜெபா, உனக்கு மூன்று வயது முடியப்போகிறது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பொறுப்பது அவருக்குச் சுலபம். உங்கம்மா ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்பாள். நீ வாயைத் திறப்பாய். அவள் முகம் மலரும். நீ சோற்றை வாங்கிக்கொண்டு மூடிவிடுவாய்.

எங்கள் சபை அன்றைக்குச் சிமெண்ட் அட்டை போட்ட ஒரு ஷெட், பக்கத்தில் தென்னந்தோப்பு. அங்கே ஒரு நாள் வியாதிக்காரர்களுக்காக ஜெபிக்க, திருநெல்வேலிப் பக்கத்து ஊழியக்காரர் ஒருவர் வந்தார். ஐந்து மணிக்கு அவிநாசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் அவருக்கு. பைபிளில் வரும் பெதஸ்தா குளத்துக் கதையைப் பிரசங்கம் செய்தார். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குத்தான் சுகம். முப்பத்தெட்டு வருஷம் கிடந்த ஒருவனை எல்லோரும் முந்திக்கொண்டே இருந்தார்கள். "அந்த முந்துனவங்கள்ல ஒருத்தருக்காவது மனதுருக்கம் இருந்துச்சா?" என்று மேசையைத் தட்டினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. டம்ளரை ஒருவருக்கொருவர் நீட்டி நீட்டியே காப்பியை ஆறவைக்கிற எங்கள் ஜனத்திடம் சொல்கிற பேச்சா அது?

பிரசங்கம் முடிந்து, "வரிசையா வாங்க" என்று எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். வரிசையில் முதல் ஆள் மரகதக்கா, முழங்கால் வலி, மேலெல்லாம் அதே நீலகிரித் தைல வாசம். அக்கா பின்னால் திரும்பி, "ஏனுங்ண்ணா, நீங்க போங்க" என்றார். பின்னால் பொன்னுச்சாமியண்ணன். தோப்புக்காரர், சபைக்காரர் அல்ல. முதுகு வலிக்காக வந்தவர்.

"அட, நீங்க போங்கம்மிணி. எனக்கென்ன அவசரம்?"

"எனக்கு இது சும்மா காலுங்க. உங்குளுக்குத்தான் முதுகு."

சொல்லிவிட்டு அக்கா வரிசையின் கடைசியில் போய் நின்றார். அண்ணன் அக்காவுக்குப் பின்னால் போனார். மூன்றாம் ஆள் முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு அண்ணனுக்குப் பின்னால் ஓடினார். இப்படியே வரிசை பின்பக்கமாக நடந்து, வாசலைத் தாண்டி, தோப்புக்குள் போய்விட்டது. ஊழியக்காரர் குப்பியோடு பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, ஒருத்தருக்கும் சுகக்கேடு இல்லியா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா, பாருங்க" என்று மரகதக்கா கிணற்றுப் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கிக் காட்டினார். பொன்னுச்சாமியண்ணன் சும்மா இருப்பாரா? ஷெட்டிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து, "இதுக்கு மேல என்ன சுகம் வேணும்? அக்காவப் பாருங்க மொதல்ல" என்றார். ஜெபிக்காமலே ஆளாளுக்குச் சுகமாகிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் வெட்கம்தான். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பத்துப் பேருக்காவது "நீங்க போங்க" சொல்லியிருப்பேன். உங்கம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏனுங்க, புள்ளைக்குக் கேக்காம யாருக்குக் கேக்கப் போறீங்க?" அவள் கண் நிறைந்திருந்தது.

அதற்குள் ரோட்டில் பஸ் ஹாரன். ஊழியக்காரர் குப்பியை மூடினார். என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன?" என்றார். கேட்க வேண்டியதை ஒரே வரியில் கேட்டிருக்கலாம். என் பாழாய்ப்போன வாய், "பஸ்ஸு வந்துபோட்டுதுங்கய்யா, உங்குளுக்கு நேரமாச்சு..." என்று இழுத்தது.

தோளிலிருந்து ஒரு சின்னக் குரல் அதை முடித்து வைத்தது. "நீங்க போங்க."

நீதான்.

உங்கம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மிணி பேசுதுங்க!" என்று கத்தியபடி பெஞ்சைக் கீழே போட்டார் பொன்னுச்சாமியண்ணன். போட்ட பிறகுதான் "ஐயோ முதுகு" என்றார்.

பஸ் போய்விட்டது. ஊழியக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பியை மறுபடி திறந்தார். "யாரும் முன்னால வர வேண்டாம். அவங்கவங்க நின்ன இடத்துலயே நில்லுங்க. நானே வாரேன்."

ஒவ்வொரு தென்னை மரத்தடியாக வந்து ஜெபித்தார். உன் தலையில் கைவைத்து நெடுநேரம் நின்றார். குளத்தங்கரையில் ஆண்டவரும் அப்படித்தானே? தண்ணீருக்கு வா என்று அந்த முப்பத்தெட்டு வருஷ மனிதனைக் கூப்பிடவில்லை. அவன் கிடந்த இடத்துக்குத் தானே போனார்.

அது அற்புதமா, இல்லை ஒரு மத்தியானம் முழுக்க அதையே கேட்டால் கிளிகூடச் சொல்லியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தோத்திரம் மட்டும் சொல்லிவிட்டேன். நாலு நாள் கழித்து "அம்மா" என்றாய். முதல் வார்த்தை தனக்கு வாய்க்கவில்லை என்று உங்கம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் குறைதான்.

அந்த ஷெட் இப்போது இல்லை. தோப்பு சைட் போட்டு வீடுகளாகிவிட்டது. மரகதக்காவும் இல்லை, பொன்னுச்சாமியண்ணனும் இல்லை. ஒரு வரிசையில் முதலில் நிற்க அவ்வளவு கூச்சப்பட்டவர்கள், இந்த ஒரு தடவை மட்டும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முன்னால் போய்விட்டார்கள்.