பாக்கெட்டில் போட்ட இரண்டு சீட்டு

போன வருஷம் ஐப்பசி மாதம், துடியலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு மணி நேரத்துக்குள் நான் செய்த காரியம் இது. எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்குமா என்று தெரியவில்லை.

என் மகள் அப்போது சுற்றுச்சூழல் அறிவியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கல்லூரியில் இளங்கலைப் பிள்ளைகளையும் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்து வேலை பழக்குகிறார்கள். இவளுக்குக் கிடைத்தது மண். காரமடையைத் தாண்டி, ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீர் பாயும் காடுகளில், அதாவது விளைநிலங்களில், எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் பதினெட்டுக் காடுகள். ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோ மண் வீட்டுக்கு வரும். அதற்காகக் காலையில் போனால் சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு திரும்புவாள்.

நான் ஒரு பள்ளியில் டீச்சர். அடுத்தவர் பிள்ளைகள் நாற்பது பேரைச் சமாளிக்கும் எனக்கு, என் ஒரே பெண் காட்டுக்குள் நடக்கிறாள் என்றால் கை கால் ஓடாது. பாம்பு இருக்குமே, சுவர் இல்லாத கிணறு இருக்குமே என்று மனசில் ஓயாமல் ஓடும். மணிக்கு ஒரு தடவை போன் செய்வேன். இன்னும் ஒரு படி மேலே போய், அவளுக்குத் தெரியாமல் அவளுடைய பேராசிரியைக்குப் போன் செய்து, வெயில் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆய்வகத்துக்குள்ளேயே வேலை கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். அது அவள் காதுக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவள் கத்தவில்லை. “இனிமே என் வேலைக்குள்ள வராதம்மா” என்று மட்டும் சொன்னாள். வரமாட்டேன் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் என்னோடு சரியாகப் பேசினாள்.

இது நடந்த மூன்றாவது வாரம் அடைமழை பிடித்துக்கொண்டது. கல்லூரியில் அவள் துறையில் மண் காய வைக்கும் அறை ஒழுகுகிறது என்று, மண்ணையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசல் பக்கத்து அறையில் கட்டிலை ஓரம் தள்ளி, தரை முழுக்க நியூஸ்பேப்பர் விரித்து, பதினெட்டுக் கும்பலாகப் பரப்பினாள். ஒவ்வொரு கும்பலின் மேலும் பென்சிலால் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அது பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல். பேனாவால் எழுதினால் ஈரத்தில் ஊறிவிடுமாம். நிழலில்தான் காய வேண்டும், வெயில் படக் கூடாது, பெருக்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லி ஃபேனைப் போட்டுவிட்டாள்.

நாலு நாள் ஃபேன் ஓடியும் மண் காயவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் இவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தினமும் காலையில் எழுந்ததும் போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகம் வாடி வெளியே வருவாள். தோசை வைத்தால் பாதியில் எழுந்துவிடுவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போனதும் நல்ல வெயில் அடித்தது. மிளகாயும் வடகமும் நிலக்கடலையும் வருஷம் முழுக்கக் காய வைக்கிற மாடி. ஒரு மணி நேரம் போட்டு எடுத்து, அவள் வருவதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பேப்பரோடு தட்டில் ஏந்தி, ஒவ்வொன்றாகப் பதினெட்டு நடை ஏறி இறங்கினேன். கடைசியாக எடுத்துவந்த இரண்டு மண்ணும், பதினேழும் பதினெட்டும், மழைக்குப் பிறகு எடுத்தவை. அவை மட்டும் களி மாதிரி இருந்தன. கடலையைப் பரப்புகிற மாதிரி இரண்டையும் கையால் உதிர்த்துப் பரப்பிவிட்டேன். அதற்கு இடைஞ்சலாக இருந்த இரண்டு சீட்டையும் எடுத்து நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

குக்கர் வைத்துவிட்டு நிமிர்ந்தால் தூறல். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு கீழே வந்தேன். நனைவதற்குள் எல்லாம் வந்துவிட்டன. பதினாறு கும்பலில் கல்லும் சீட்டும் இருந்தன. பாக்கெட்டிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. எதில் எதை வைப்பது?

இரண்டும் ஒரே செம்பழுப்பு. முகர்ந்துகூடப் பார்த்தேன். அறையில் பதினேழு சுவரோரம் இருந்ததாக ஞாபகம், ஆனால் இப்போது எது சுவரோரத்துப் பேப்பர்? இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றில் பதினேழை வைத்தேன். மற்றதில் பதினெட்டை வைத்தேன். கல்லையும் வைத்தேன். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தவள், “அம்மா, காஞ்சிருச்சு” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சரியாக வைத்திருக்கவும் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அரைக் கிலோ மண், ஒரு பிள்ளையின் படிப்பு வேலை, இதில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், தலை பின்னிக்கொண்டே யாரிடமோ ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். எண் பதினேழு மேல் காடு, பதினெட்டு கீழ்க் காடு என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான், இரண்டும் ஒரே குடும்பத்தின் காடுகள் என்று எனக்குத் தெரிந்தது. போனில் இருந்தது அந்தக் காட்டுக்கார அம்மா. வாழை வைக்கப் போகிறார்களாம். மேல் காட்டில் வைப்பதா, கீழ்க் காட்டில் வைப்பதா என்று இவள் முடிவு வரட்டும் என்று காத்திருந்தார்களாம். மேல் காட்டில் உப்பு ஏறிக் கிடக்கிறது, வாழை தாங்காது, கீழ்க் காடு நன்றாக இருக்கிறது என்று இவள் பொறுமையாக விளக்கினாள்.

“மேக்காட்டுலதான் வைக்கறதா இருந்தோம் கண்ணு. நல்லவேளை சொன்ன. நாளன்னைக்கு ஆள் வருது, கீழ்க் காட்டுலயே குழி எடுக்கச் சொல்லிப்போடறேன்” என்றது அந்தக் குரல்.

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் பள்ளியில் கரும்பலகையில் எழுதியதையே திரும்ப எழுதினேன். இடைவேளையில் போனை எடுத்து உப்பு, வாழை, மண் என்று தேடினேன். தண்ணீர் வடிந்து நிற்கிற தாழ்வான நிலத்தில்தான் பெரும்பாலும் உப்பு சேரும் என்று போட்டிருந்தது. அப்படியானால் உப்பு இருப்பது கீழ்க் காட்டில். நான் சீட்டை மாற்றித்தான் வைத்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். சொல்லித்தான் ஆகணும் என்றார். பிறகு, “நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். மகள் எதிரில் வந்து உட்காரும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். ‘என் வேலைக்குள்ள வராதம்மா’ என்று சொன்ன முகம் ஞாபகம் வரும். எழுந்து போய்விடுவேன்.

ஆள் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் காரமடையில் இறங்கி, மினி பஸ் பிடித்தேன். ஊர் பெயரும் தோட்டத்து அடையாளமும் மகளின் நோட்டில் பார்த்து வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாமலேயே இதை நிறுத்திவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

போய்ச் சேர்ந்தபோது ஆறேழு பேர் குழி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை முடிந்திருந்தது. வேப்பமரத்தடியில் நடவுக்கு வெட்டிய வாழைக் கிழங்குக் கட்டைகள் குவிந்து கிடந்தன. அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, வாங்க வாங்க என்று கயிற்றுக்கட்டிலைத் துடைத்துப் போட்டார். உங்க புள்ள மண்ணுல உக்காந்து வேலை செய்யறதப் பாத்து எங்க ஊட்டுக்காரர் அசந்துபோயிட்டாருங்க என்றார். நான் உட்காரவில்லை. இன்னொரு தடவை சோதிக்க வேண்டியிருக்கிறது, ஒரு வாரம் குழி வேலையை நிறுத்தச் சொல்லி மகள்தான் அனுப்பினாள் என்று சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்படிங்களா? இப்ப அரை மணிக்கு முன்னாலதானுங்க உங்க புள்ள போன் பண்ணி, எத்தன குழி ஆச்சுங்க்கான்னு கேட்டுச்சு.”

பொய் அங்கேயே உடைந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, தூறல், பாக்கெட், இரண்டு சீட்டு. குழி எடுத்தவர்களில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மண்ண வடகமாட்டம் காயப் போட்டாங்களாமா என்று அவர் பக்கத்து ஆளிடம் சொன்னதும், இரண்டு பேரும் சிரித்ததும் என் காதில் விழுந்தன.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கோபம் வந்துவிட்டது. ஆளைச் சொல்லி வரவைத்த பிறகு வந்து சொல்கிறீர்களே, கட்டை வெட்டி மூணு நாளாச்சு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். இடுப்பில் கை வைத்துக் காட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, நிறுத்திப்போடுங்க என்று ஆட்களுக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க டீச்சரு, எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க. சரி. அளந்தது நானுங்களா? அந்தப் புள்ள சொன்ன வார்த்தைய நம்பித்தான் குழி வெட்டறோம். அது வார்த்தை தப்பாப் போகுதுன்னு அதுக்கே தெரியாம வெச்சிருக்கறீங்களே. போனப் போடுங்க, இப்பவே.”

அங்கேயே நின்று போன் செய்தேன். மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். “எந்த எந்தச் சீட்டு?” என்று கேட்டாள். சொன்னேன். “பதினெட்டு மண்ணையுமே வெயில்ல வெச்சியா?” என்றாள். ஆமாம் என்றேன். “குழி எதையும் மூட வேண்டாம்னு அக்காகிட்டச் சொல்லு. நான் வாரேன்.”

ஒன்றரை மணி நேரத்தில் மண்வெட்டி, பக்கெட், பைகளோடு வந்து இறங்கினாள். அந்த அம்மாவிடம், என்மேலதான் தப்புங்க்கா, அஞ்சு நாள் மட்டும் பொறுத்துக்குங்க என்றாள். மேல் காட்டில் பத்து இடம், கீழ்க் காட்டில் பத்து இடம் மறுபடி வெட்டினாள். பக்கெட்டைத் தூக்கிவரக் கை நீட்டினேன். “வேண்டாம்மா” என்றாள். வரப்பில் நின்றுகொண்டேன். அவள் சுவர் இல்லாத ஒரு கிணற்று ஓரமாக நடந்து போனபோதுகூட நான் வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் முடிவு வந்தது. உப்பு மேல் காட்டில்தான் இருந்தது. நாலு வருஷமாகக் காய்கறி வைத்துப் போர்த் தண்ணீர் பாய்ச்சியது அங்கேதானாம். கீழ்க் காட்டுக்கு மழைத் தண்ணீரும் பழைய கிணற்றுத் தண்ணீரும்தான் போயிருக்கிறது. சீட்டை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

அவளுடைய அப்பா சிரித்துவிட்டார். இதுக்காடி இத்தனை ஆட்டம் என்று என் தலையில் தட்டினார். எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. பதினெட்டு மண்ணும் வெயில் பட்டவை என்பதால் கணக்கில் சேர்க்க முடியாது என்று பேராசிரியை சொல்லிவிட்டார். மிச்சம் பதினாறு காடுகளுக்கும் மறுபடி நடந்தாள். மாணவர்கள் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாள் அதற்குள் தாண்டிவிட்டது. அதற்காகத்தான் அவள் ஆறு மாதம் உழைத்திருந்தாள். காரமடையில் கட்டைகளில் ஒரு பகுதி காய்ந்துபோய், வேறு வாங்கி வைத்தார்கள்.

ஒரு நாள் அவள் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. ‘எண் 17, 18: காய வைக்கும்போது அடையாளச் சீட்டு பிரிந்துவிட்டது. விரித்த தாளின் மூலையிலும் எண் எழுதாதது என் தவறு. எல்லா மாதிரிகளும் வெயில் பட்டதால் நீக்கப்பட்டன.’ என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நின்றபடியே அதை நாலைந்து தடவை படித்தேன். அதன்பிறகு ஒரு சாயங்காலம் அவளிடம், எல்லாம் சரியாத்தானே கண்ணு இருந்துது என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “அது உனக்குத் தெரியாதில்லம்மா, அந்தப் பன்னெண்டு நாளும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது அவள் காட்டுக்குப் போகிறாள், வருகிறாள். நான் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். பயம் மட்டும் குறையவில்லை. கீழ்க் காட்டு வாழை நன்றாக வந்திருக்கிறது என்று அந்த அம்மா படம் அனுப்பியிருந்தார், மகள் காட்டினாள். பார்த்துவிட்டு நல்லா இருக்குது என்றேன். என் மகளின் கோபத்துக்குப் பயந்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பன்னிரண்டு நாள் என் ஊகத்தின்மேல் நிற்க வைத்திருந்தேன் என்பதை, அந்தக் குலை தள்ளிய வாழைகள் ஒன்றும் இல்லை என்று ஆக்கிவிடவில்லை.