ஒட்டுப்படங்களோடு கிள்ளானுக்கு

கிள்ளானில் உள்ள தமிழ் வாசகசாலையின் ஆண்டு விழாவில் என் ஒட்டுப்படங்களைக் காட்சிக்கு வைக்கச் சம்மதித்திருந்தார்கள். அதனால்தான் இந்தப் பயணம். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பள்ளி ஆசிரியை. பழைய பத்திரிகைப் படங்களையும் போட்டோக் கடைகள் கழித்துப்போடும் படங்களையும் வெட்டி, ஒருவர் உடம்பில் இன்னொருவர் முகத்தை ஒட்டுவேன். துரைசானி கவுனில் ஒரு காய்கறிக்காரி, சிம்மாசனத்தில் ஓர் ஆயா என்று ஏழு படங்கள். வெளியார் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் கோலாலம்பூரில் ரயிலின் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். இருபது மைலுக்குச் சற்று அதிகம், ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலோரம் உட்காராதீர்கள், கண்ணில் கரி விழும். பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டினால் இருபுறமும் ரப்பர் மரங்கள்தான்.

கிள்ளானில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ரிக்‌ஷாவின் கித்தான் கூரை ஒழுகி, மடியில் இருந்த படப் பொட்டலம் ஊறிவிட்டது. நான் தங்கவிருந்தது போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அருளப்பன் வீட்டில். அவர் பிரித்துப் பார்த்தார்.

“உடம்பெல்லாம் தப்பிச்சிருச்சு டீச்சர். மொகந்தான் பத்திரிகைத் தாளு, அத்தனையும் கரைஞ்சு போச்சு.”

“கடையில கழிச்ச படம் இருக்குமா அண்ணே? நாளைக்குச் சாயங்காலம் விழா.”

“போன வாரந்தான் எல்லாத்தையும் எரிச்சேன்.”

தேநீரோடு வந்த அவர் மனைவி ரோசம்மா சொன்னார்: “டீச்சர் மொகம் இருக்கே. அதையே படம் புடிச்சு ஒட்டுனா என்னவாம்?”

தலைமையாசிரியர் காதுக்கு எட்டினால் வேலை என்னாவது? ஆனால் உண்மையான பயம் அதுவல்ல. இத்தனை நாள் மற்றவர்கள் முகத்தை வைத்து விளையாடினேன், என்னை யாரும் பார்க்கவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு, “சரி, பிடிங்க” என்றேன்.

முறைத்தேன், இளித்தேன், ராணி மாதிரி தாடையைத் தூக்கினேன். மறுநாள் காலை படங்கள் காய்ந்ததும் மூவருமாக வெட்டி ஒட்டினோம்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. பிறகு யாரோ படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மேடைப் பேச்சு தொடங்கியும் படங்களின் முன்னால் நின்ற கூட்டம் நகரவில்லை. வாசகசாலைக் காரியதரிசி அங்கேயே வந்து, “அடுத்த வருசமும் நீங்கதான் டீச்சர்” என்றார்.

படத்தோடு போகிறவர்கள் மெழுகுத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு கடைசி வண்டியை நம்பாதீர்கள், உட்கார இடம் கிடைக்காது.

நான் கிளம்பும் நேரம், ரப்பர் பால் வாளியோடு மரத்தடியில் நான் நிற்கும் படத்தின் முன் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் நின்றிருந்தாள்.

“நீங்க எந்தத் தோட்டம் அக்கா?”

“தோட்டம் இல்லம்மா, நான் டீச்சர். அது ஒட்டுன படம்.”

அவள் நம்பவில்லை. “சும்மா சொல்லாதீங்க. பாலெடுக்க மரம் வெட்டுறவங்க மொகம் எனக்குத் தெரியாதா?”