வெளியே வராத தோட்டாக் கூடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் சந்தில் மீன் விற்க வருகிற மலாய்க்காரர்கூட என்னிடம் எடையில் விளையாட மாட்டார். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இத்தனை காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் சொன்னால் என்னைத் தவிர யாருக்கும் வலிக்காது.

என் வீட்டுக்காரர் ஜார்ஜ் டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தார். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களுக்கு மறுபடி மருந்து ஏற்றுவதுதான் வேலை. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். புதுத் தோட்டா கப்பலில் வந்து சேர வெகுநாள் ஆகும். அதனால் தோட்டத்து ஆட்கள் கூடுகளைச் சேர்த்து அனுப்புவார்கள். இவர் நிரப்பி, புதுக் குண்டு வைத்துக் கொடுப்பார்.

இவருக்கு ஒரே தங்கை. கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கம், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைக் கிளறிப் போடுகிறது என்று துரை தன் ரைபிளைக் கிராணியிடம் கொடுத்து வைத்திருந்தார். அவர் சுட்ட கூடுகள் ஒரு பையில் படகேறி எங்கள் வீட்டுக்கு வரும், நிரம்பித் திரும்பிப் போகும். அந்தப் பையில் தங்கை முருங்கைக்கீரை வைத்து அனுப்புவாள். இவர் மருமகளுக்கு, அதான் தங்கை மகளுக்கு, வளையல் வைத்து அனுப்புவார். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வர மறந்துவிடுகிற மனுஷன் அவர்.

ஒருநாள் காலையில் அங்கிருந்து ஆள் வந்தான். பன்றி முதல் குண்டுக்கு விழாமல், அடிபட்ட வெறியில் திரும்பி ஓடி வந்திருக்கிறது. கிராணி அடுத்த தோட்டாவுக்காகத் துப்பாக்கியின் பூட்டைப் பின்னால் இழுத்திருக்கிறார். சுட்ட கூட்டின் அடிப்பாகம் மட்டும் பிய்ந்து வெளியே வந்தது, மேல்பாதி துப்பாக்கிக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்த தோட்டா உள்ளே போகவில்லை. தொடை கிழிந்து, ரத்தம் நிற்காமல், வீடு வந்து சேருமுன்பே அவர் போய்விட்டார்.

சாவு வீட்டில் தங்கை அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தோட்டாவுல என்னண்ணே கோளாறு? நீதானே செஞ்சு அனுப்பின? எனக்குத் தெரியணும்."

"பாத்துச் சொல்றேம்மா," என்றார் இவர். அவளுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

துரை ரைபிளையும் மிச்சத் தோட்டாக்களையும் கடைக்கு அனுப்பினார். மாட்டிக்கிடந்த பாதிக் கூட்டை இவர் கம்பி விட்டுத் தட்டி எடுத்தார். துப்பாக்கிக்குள் துரு இருக்குமோ என்று துணி சுற்றித் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்குமோ என்று பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மருந்து கூடிப்போனால் கூடு உப்பி இறுகிக்கொள்ளும் என்று, மிச்சத் தோட்டாக்களின் குண்டைப் பிடுங்கி மருந்தைத் தராசில் போட்டார். இம்மி பிசகவில்லை. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், தின்ன மாட்டார். நான் கத்துவேன். காதில் விழுந்த மாதிரியே தெரியாது.

ஒரு சாயங்காலம் சீக்கிரமாக வந்தார். நான் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது என்ன கையில?"

"புளி. பித்தளையப் புளி போடாம வேற எதப் போட்டுத் தேய்ப்பாங்களாம்?"

மருந்தைக் கொட்டிப் பார்த்த தோட்டாக்களில் ஒன்றின் வெறுங்கூட்டை மடியிலிருந்து எடுத்தார். உள்ளே அடியோரத்தில் கறுப்பும் பச்சையுமாக ஏதோ அப்பியிருந்தது. ஊசியால் சுரண்டி என் நாக்கில் வைத்தார். புளித்தது, கூடவே உப்புக் கரித்தது. பிறகு அதே கூட்டைக் குறட்டால் பிடித்து வளைத்தார். பித்தளை வளையவில்லை, அப்பளம் மாதிரி பொட்டென்று உடைந்தது. உடைந்த இடம் செம்பாகச் சிவந்திருந்தது.

கடைசிப் பை வந்தபோது கூடுகள் தங்கமாக மின்னியதும், "தங்கச்சி கை பட்டாலே தனிதான்" என்று இவர் பூரித்ததும் நினைவுக்கு வந்தது. புளியும் உப்பும் போட்டு ஊற வைத்துத் தேய்த்திருக்கிறாள், பாவி மகள். வெளியே கழுவியிருக்கிறாள். கூட்டின் அந்தச் சின்ன வாய்க்குள் விரல் போகுமா? உள்ளே தங்கிய புளி, இந்த ஊர் ஈரத்தில் பித்தளையை அரித்துவிட்டது.

மறுநாள் அவளிடம் போனோம். பழியைத் தானே ஏற்கப் போவதாக இவர் படகில் சொன்னார்.

"உங்களுக்குப் பைத்தியமா? செய்யாத தப்ப ஏன் தலையில போட்டுக்கணும்?"

"புருஷனப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. நீதாம்மா காரணம்னு நான் போய்ச் சொல்லவா? அப்புறம் அவ உயிரோட இருப்பாளா? பளபளன்னு வந்தப்ப உள்ள பாக்காதவன் நான்தானே. நீ வாயத் திறந்தா என்னை உசுரோட பாக்க மாட்ட."

அவள் முன்னால் போய்த் தலை குனிந்து நின்றார். "மருந்து கூடிப்போச்சும்மா. என் தப்புதான்."

அவள் குனிந்து மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். "இனி என் மூஞ்சியில முழிக்காத. உனக்குத் தங்கச்சி செத்துட்டா," என்றாள். பேச்சு கடைக்கும் எட்டியது. தவுக்கே நல்லவர்தான், ஆனால் மருந்தில் தப்பு செய்பவன் என்று பெயர் வந்த ஆளை வைத்துக்கொள்ள முடியுமா? இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்.

வருஷங்கள் கழித்து மருமகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தங்கை தன் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை நிறுத்தினாள். இவர் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பட்டுப்புடவை எடுத்து என்னிடம் தந்தார். "நீயாவது போய்க் குடுத்துட்டு வா லா. பிள்ளை கட்டட்டும்."

தாலியறுத்தவள் என்று பெற்ற மகள் கல்யாணத்தில் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். மணவறைக்கு வைக்க வேண்டிய குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நீட்டிய புடவையை அவள் தொடவில்லை.

"பாருங்க அண்ணி," என்று விளக்கைத் தூக்கிக் காட்டினாள். "இப்படித்தான் அந்தக் கடைசித் தடவ ஒவ்வொரு கூட்டையும் ஊறப்போட்டுத் தேய்ச்சு அனுப்பினேன். அண்ணன் கையில அழுக்கு ஒட்டக்கூடாதுன்னு. அதுலதானே எமனை வச்சு அனுப்பிட்டாரு."

வார்த்தை நுனி நாக்குக்கு வந்துவிட்டது. ஒரு சொல் போதும், என் புருஷன் தலை நிமிர்ந்துவிடும். அவள் விரல்களைப் பார்த்தேன். புளி ஊறிச் சுருங்கியிருந்தன. வார்த்தையை விழுங்கி, புடவையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

படகுத்துறையில் இவர் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா. பிள்ளைக்கு ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு."

சிரித்தார். வெகு காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கனக்குமே என்று என் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.