உடைத்துப் பார்க்கும் வேலை

நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட ஜவாத் காலமான செய்தி அவருடைய சொந்தக் கைபேசி எண்ணிலிருந்தே எங்கள் அலுவலகக் குழுவுக்கு வந்தது. நான் நம்பவில்லை. யாரோ எண்ணைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து, அதே எண்ணுக்கு அழைத்தேன். கிண்ணியாவிலிருந்து அவருடைய மகள் பேசினாள்.

"ஓம் அன்ட்டி, வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டாங்க. அவங்கட போன்லதான் எல்லாருட நம்பரும் இருக்கு."



அவரை அறிந்த உங்களில் பலர் எழுதிய அஞ்சலிகளை வாசித்தேன். தவறே விடாதவர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் தவறு விட்டவர்தான். நான் அவரை மதிக்கத் தொடங்கியது அந்தத் தவறுக்குப் பிறகு.

துறைமுகத்துக்கு அருகில் எங்களுடையது சிறிய மென்பொருள் அலுவலகம். மீனவர் சங்கங்களுக்காக ஓர் இணையச் செயலி செய்துகொண்டிருந்தோம். கடலுக்குப் போகுமுன் படகுக்காரர் அதில் பதிய வேண்டும். கடல் மோசமான நாளில் புறப்படும் பொத்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். திரையில் தெரியும் பகுதி முழுவதும் நானாவின் பொறுப்பு. எழுதிய நிரலில் எவ்வளவைச் சோதனைகள் தொட்டன என்று காட்டும் அளவை நாங்கள் கவரேஜ் என்போம். சோதனை ஓடிக் கடந்த வரி அறிக்கையில் பச்சையாகத் தெரியும். நானாவின் அறிக்கை மேலிருந்து கீழ்வரை பச்சையாக இருந்தது. அவ்வளவு பச்சை எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

நிரலின் என் பிரதியில், பொத்தானைப் பூட்டும் வரியை எந்நாளும் திறந்திருக்கும்படி மாற்றிவிட்டுச் சோதனைகளை ஓட்டினேன். ஒரு சோதனையும் விழவில்லை, எல்லாம் தேறின. அவருடைய சோதனை புயல் நாளின் பக்கத்தைத் திறந்தது. ஆகவே அந்த வரி ஓடியது. பொத்தான் பூட்டிக்கொண்டதா என்று மட்டும் அது பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன மிஸ், என்ட வேலைய வேவு பாக்கிறீங்களா?"

"ஓம் நானா."

"வீட்டில உங்கட அவர் போடுற தேத்தண்ணியையும் பூனைக்கு வச்சுப் பாத்துத்தான் குடிப்பீங்களாக்கும்."

சிரித்தபடியே திரையைப் பார்த்தவர், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, எழும்பி மேலாளரிடம் சொல்லப் போனார்.

மறுநாள் சங்கத்தாருடன் கூட்டம். புல்மோட்டை முதல் வெருகல் வரையான கரையோரச் சங்கங்களுக்குரிய அடுத்த ஒப்பந்தம் அந்தப் பச்சை அறிக்கையை நம்பியே இருந்தது. "இப்ப ஒண்டும் கதைக்காதீங்கோ, கையெழுத்து வச்ச பிறகு திருத்துவம்" என்று மேலாளர் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நானா தலையாட்டினார். மறைக்கப்போகிறார் என்று முடிவுசெய்தேன். அவர் சொல்லாவிட்டால் நானே எழும்பிச் சொல்வதென்று கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன்.

அவர் அறிக்கையைக் காட்டினார். அடுத்து, எல்லோருக்கும் முன்னால் அந்த வரியைக் கெடுத்து, சோதனைகளை ஓட்டினார். எல்லாம் தேறின. புயல் நாளைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினார். திரையில் படகு புறப்பட்டது.

இலங்கைத்துறையிலிருந்து வந்த சங்கத் தலைவர் கேட்டார்: "அப்ப இந்தப் பச்சை என்னத்துக்குத் தம்பி?"

"வரி ஓடினது எண்டு மட்டும்தான் சொல்லும் ஐயா. சரியா ஓடினதா எண்டு சொல்லாது. அதை நான் பாக்காம விட்டுட்டன்."

"நல்லவேளை கரையில நிண்டு சொன்னீங்கள்" என்றார் அவர்.

அடுத்த ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மேலாளர் நெடுநாள் நானாவுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் மட்டும் ஒருநாள் நேராகக் கேட்டேன்: "மனதாரச் சொன்னீங்களா, இல்லை நான் சொல்லிப்போடுவன் எண்டு பயந்தா?"

"ரெண்டும்தான் மிஸ்" என்றார்.

அதன்பின் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் எழுதும் சோதனையை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் நிரலை வேண்டுமென்றே உடைப்பார். சோதனை விழுந்தால்தான் அது ஏற்கப்படும். உடைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். "மிஸ்ட சந்தேகத்துக்கும் ஒரு வேலை குடுக்கத்தானே வேணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதுவரை என் குணத்தை அலுவலகத்தில் எல்லோரும் சகித்துக்கொண்டார்கள். பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, அவர் கடைசியாக எழுதிய சோதனை எனக்காகக் காத்திருந்தது. இறந்தவருடையது, அப்படியே ஏற்றுவிடுங்கள் என்றார்கள். நான் அந்தச் சோதனை பார்க்கும் வரியை உடைத்தேன். சோதனை விழுந்தது. தற்செயலாக விழுந்திருக்கலாம் என்று, வேறு விதமாக ஒருமுறை உடைத்தேன். மறுபடியும் விழுந்தது.

நிரலைப் பழையபடி திருத்திவிட்டு, அவருடைய சோதனையை ஏற்றுக்கொண்டேன். அவர் எனக்குத் தந்த வேலையை இன்னும் செய்கிறேன்.