ஜிம்முக்குத் திரும்பியவர்களும் அவர்கள் தட்டும்

எங்கள் தொழிலில், எதிரே வந்து உட்காரும் எல்லோருமே முந்தின நாள் ராத்திரி கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஜிம்மில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மாடியில் ஜிம், கீழே பேக்கரி. டிரெட்மில்லில் ஓடுகிறவர் மூச்சை இழுத்தால் உள்ளே போவது பாதி காற்று, பாதி முட்டை பப்ஸ் வாசனை. புதிதாகச் சேர்கிறவர்களோடு எனக்குத் தொந்தரவே இல்லை, சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாள் வந்து, இளைத்து, கண்ணாடி முன்னால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்து, அப்புறம் காணாமல் போய், பழைய உடம்போடு திரும்பி வருகிறார்கள் பாருங்கள், அவர்கள்தான் கஷ்டம். அவர்களுக்கு எல்லாம் தெரியும். நீங்களும் அந்த ரகம் என்றால் கூச்சப்பட வேண்டாம், இப்படி வந்து பக்கத்தில் உட்காருங்கள். ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு நானும் அப்படித் திரும்பி வந்தவள்தான்.

ராத்திரிச் சாப்பாடு

தனலட்சுமி அக்காவும் அவர் வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணாவும் எங்கள் ஊரிலேயே மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஜிம்முக்கு வந்து நன்றாக இளைத்தார். கல்யாணம் முடிந்தது. ஒரம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தார்கள், விருந்து வந்தது, அக்கா வரவில்லை. மறுபடி படியேறி வந்தபோது என் அறை வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். ஊர்க் கோயில் மைதானத்தில் பெண்களும் ஆண்களுமாக வள்ளி கும்மி பழகுகிறார்களாம். பாதி ஆட்டத்திலேயே இவருக்கு மூச்சு முட்டி, முழங்கால் பிடித்துக்கொள்கிறதாம். "நீங்க ஓரமா உக்காந்து கை தட்டுங்க அம்மணி, அதுவும் கும்மிதானுங்க" என்று வாத்தியார் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்து, வளத்து, கட்டிக் குடுத்து எல்லாம் முடிஞ்சு, இப்பத்தானுங்க எனக்குன்னு ஒண்ணு ஆசப்பட்டேன்" என்றார். பொங்கல் கழிந்து அரங்கேற்றம். கடைசிப் பாட்டு வரை நின்று ஆட முடிகிறவர்களுக்குத்தான் அதில் இடம்.

ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் சாப்பாட்டை மாற்றினால் அது நிற்காது என்பது எனக்கு அனுபவம். அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த பழனிசாமி அண்ணாவையும் உட்கார வைத்து, ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு இட்லிதானுங்க" என்றார். அந்த வயிற்றுக்கும் ரெண்டு இட்லிக்கும் சம்பந்தமே தெரியவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "நெசமாவே ரெண்டுதானுங்களாண்ணா?" என்று இன்னொரு தரம் கேட்டேன். அண்ணாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இட்லி ரெண்டேதானுங்க மேடம். அதுக்கப்புறம் ஊத்தற தோசைய நீங்க கேக்கவே இல்லீங்களே!"

வெள்ளரிக்காய்த் தம்பி

அதே வாரம் கோகுல் என்று ஒரு தம்பியும் திரும்பி வந்தான். பீளமேட்டில் ஐ.டி. வேலை. உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே பிரியாணி. ஒரு வருஷத்தில் சட்டைப் பொத்தான்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன. விட்டதை ஒரே வாரத்தில் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி. பழைய எடையையே தூக்குவேன் என்றான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் கன்ட்ரோல்ல இருக்குதுங்கக்கா" என்று நழுவினான். அவனுடைய கன்ட்ரோல் காலையில் வெள்ளரிக்காய், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி வெள்ளரிக்காயும் கொஞ்சம் மிளகுத்தூளும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் ஸ்குவாட் போட்டவன் எழுந்திருக்காமல் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை, கண் சொருகுகிறது. காலைத் தூக்கி வைத்து, விசிறி, கீழே பேக்கரிக்குக் குரல் கொடுத்தோம். பேக்கரி ஜாபர் பாய் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும், கையில் ஒரு தேங்காய் பன்னுமாக ஓடி வந்தார். டீ உள்ளே போனதும் தம்பிக்கு நினைவு தெளிந்தது. நினைவு தெளிந்ததும் வெட்கம் வந்தது. வெட்கம் போனதும் பன் முழுசும் உள்ளே போனது. "ரொம்ப நாள் சும்மா இருந்த உடம்புக்கு வேலை கொடுக்கிறோம். அதே நாளில் சோற்றையும் பிடுங்கினால் அது என்ன செய்யும்? முட்டை சாப்பிடு, பயறு சாப்பிடு, சோற்றைக் கொஞ்சம் குறை, காயை அள்ளிப் போட்டுக்கொள். வெள்ளரிக்காய் கூடவே இருக்கட்டும், அதுவே சாப்பாடு ஆகக் கூடாது" என்று அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டு கிளம்பிய ஜாபர் பாய் வாசலில் நின்றார்.

"தம்பி ஒரு வாரமா நம்ம கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலைங்க மேடம். எனக்கு அப்பவே பயமாத்தான் இருந்துச்சு."

அரிசியும் பருப்பும்

கோயமுத்தூர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் விடச் சொல்லலாம், அரிசிம்பருப்புச் சாதத்தை மட்டும் தொடக்கூடாது. குக்கரைத் திறந்ததும் வரும் அந்த வாசனைக்கு முன்னால் என் படிப்பெல்லாம் எடுபடாது. நானும் அதை விடச் சொல்லவில்லை. பருப்பைக் கூட்டி அரிசியைக் குறையுங்கள், நெய்யை ஸ்பூனில் ஊற்றுங்கள், கரண்டியில் வேண்டாம் என்றுதான் தனலட்சுமி அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கூடவே கொள்ளு ரசம், ஒரு முட்டை, கீரைப் பொரியல் என்று வரிசையாகச் சொல்லி வந்தேன். பழனிசாமி அண்ணாவும் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பவர் மாதிரி கேட்டார். எல்லாம் முடிந்து எழுந்தபோது ஒரு சந்தேகம் கேட்டார்.

"பருப்புக்குள்ள புரோட்டீன் இருக்குதுன்னீங்க, சரிங்க. பருப்பு அரிசி கூடவேதானுங்க வேகுது, அந்தப் புரோட்டீன் கொஞ்சம் அரிசிக்கும் ஏறியிருக்குமல்லங்க?"

மீந்தது

அக்கா உழைத்தார். ஒரு நாள் விடாமல் ஜிம்முக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட்ட தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார். காய், முட்டை, அளவாகச் சோறு, குறை சொல்ல ஒன்றுமே இருக்காது. ஆனாலும் எடை இறங்கவில்லை. வாத்தியார் இன்னும் அவரை ஓரத்தில்தான் நிறுத்தியிருந்தார். "எனக்கு இது கொடுத்து வெக்கலீங்க அம்மணி" என்று ஒரு நாள் அழுதே விட்டார். எனக்கும் ராத்திரி சோறு இறங்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன்.

போனவளைச் சும்மா விடுவார்களா? இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டோவில் இருந்ததைத்தான் சாப்பிட்டார். எல்லோரும் எழுந்தோம். நான் கை கழுவிவிட்டுச் சமையலறைப் பக்கம் வந்தேன். அக்கா நின்றபடியே, வீட்டில் இருக்கும் மகன் காலையில் பாதியில் விட்ட தோசையை மடித்து வாயில் போட்டார். அண்ணா ஒதுக்கி வைத்த சோற்றில் மிச்சக் குழம்பை விட்டு நாலு வாய். சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கை வழித்து ஒரு வாய். கடைசியாக, ஒரு கிண்ணம் பாயசம் மீந்துவிட்டதே என்று அதையும் குடித்தார். "அக்கா, இதைப் போட்டோ எடுத்து அனுப்பவே இல்லையே?" என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஒளித்தவர் முகம் இல்லை அது.

"இது சாப்பாடு இல்லீங்க அம்மணி, பாத்திரம் ஒழிக்கறது."

மாமனார் வீட்டுக் கிடா

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவரவர் தட்டு அவரவர் பொறுப்பு. வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும், மீந்தால் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பாத்திரம் ஒழிக்கிற வேலையைப் பழனிசாமி அண்ணா எடுத்துக்கொண்டார். கரண்டியும் கையுமாக அவர் படும் பாட்டைப் பார்த்து மகனே தோசை எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டானாம்.

அண்ணாவுக்கும் ஒரு சோதனை வந்தது. சத்தியமங்கலத்தில் மாமனார் வீட்டில் கிடா வெட்டு. பந்தியிலிருந்தே எனக்குப் போன் செய்து, ரகசியக் குரலில், "மேடம், ஆட்டுல எந்தப் பக்கமுங்க புரோட்டீன்?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கறியைச் சாப்பிடுங்கண்ணா, கொழுப்பை ஒதுக்கிடுங்க, சோத்தைக் குறைச்சுக்குங்க" என்றேன். "ஒதுக்கினா மாமனாருக்குக் கோவம் வருமுங்க, நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்று போனை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டார். நான் பயந்துகொண்டே விவரத்தைச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஆகாதுன்னா உட்டுறலாமுங்க அம்மணி, அந்தப் பங்கு இருக்குது, நீங்க எப்ப வாரீங்க?"

அளவு ஜாக்கெட்

அதற்குப் பிறகும் தராசு முள் நினைத்த வேகத்தில் நகரவில்லை. இந்தக் கட்டத்தில்தான் திரும்பி வந்தவர்கள் மறுபடி காணாமல் போவார்கள், உங்களுக்கே தெரியும். அக்கா தினமும் தராசில் ஏறி, இறங்கி, செருப்பைக் கழற்றி ஏறி, வளையலைக் கழற்றி ஏறினார். "கொஞ்ச நாள் அதன் பக்கமே போகாதீங்க, படியேறும்போது மூச்சு வாங்குதான்னு மட்டும் பாருங்க" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அட, வாங்கலீங்களே" என்றார்.

அந்த வாரம் கும்மிக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை வந்தது. ஜாக்கெட் தைக்க அக்கா பழைய அளவு ஜாக்கெட்டோடு வழக்கமான டெய்லரிடம் போனார். டெய்லர் ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி ஜாக்கெட்டைப் பார்த்தார். அக்கா அங்கிருந்தே எனக்குப் போன் செய்து, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"ஏனுங்கக்கா, வேற யாரு ஜாக்கெட்டையோ மாத்திக் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குது."

கும்மி

ஒத்திகையில் வாத்தியார் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். ஆனாலும் அரங்கேற்றத்தன்று நான் முன்னாலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று சேலை நன்றாக நிற்க வேண்டும் என்று பல பெண்கள் மத்தியானத்திலிருந்தே பட்டினி. அக்காவுக்கும் அந்த ஆசை வந்தது. நான் விடவில்லை. நாலு மணிக்கு, எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகையும் முட்டையும் ஒரு வாழைப்பழமும் என் கண் முன்னால் சாப்பிட்ட பிறகுதான் சேலையே கட்ட விட்டேன்.

பொழுது சாய ஆரம்பித்தார்கள். வாத்தியார் மைக்கில் வள்ளி கதையைப் பாடப் பாட, வட்டம் வட்டமாக அத்தனை பேரும் குனிந்து நிமிர்ந்து கை தட்டி ஆடினார்கள். தரை அதிர்ந்தது. பாதியில் ரெண்டு மூன்று பேர் தலை சுற்றி ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். ஓர் இடத்தில் அக்காவுக்கும் அடி பிசகியது. வேலியோரம் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற பழனிசாமி அண்ணா என் கையைப் பிடித்துவிட்டார், பிடித்தது யார் கை என்றே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் அக்கா தாளத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் எந்த எடைத் தராசிலும் பார்த்ததில்லை. கடைசிப் பாட்டில் வாத்தியார் பாடிக்கொண்டே கையை நீட்டி அவரை முன் வரிசைக்கு அழைத்தார். முடிந்ததும் வேர்வையில் நனைந்த சேலையோடு நேரே என்னிடம் ஓடி வந்து கட்டிக்கொண்டார். நன்றி என்று ஏதாவது சொல்லுவார், நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன்.

"எப்பேர்ப்பட்ட பசிங்க அம்மணி, பந்தில எடம் புடிங்க, வாரேன்!"

சாப்பிட வேண்டாம் என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கும் நான், பாதி நாள் "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் இந்தப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.