பிரேக் டிரம்மில் வெந்த கற்கள்

எனக்கு நாற்பத்து நான்காவது வயதில் இரும்பு அடிக்கும் ஆசை வந்தது.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கைபேசியில் எதையோ தேடப்போய் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டுக்காரரோ, தாடிக்காரர் ஒருவர், ஒரு கம்பியைக் கரி நெருப்பில் வைத்து எடுத்து நாலு தட்டுத் தட்டிக் கரண்டியாக்கிக் காட்டினார். சிவந்த இரும்பு அவர் நினைத்த பக்கமெல்லாம் வளைந்தது. இந்த இருபது வருடத்தில் என் சொல்லுக்கு அப்படி எதுவும் வளைந்ததில்லை. பதினொன்றாம் வகுப்பு வளைந்ததில்லை, வீட்டுக் குழாய் ரிப்பேர்காரர் வளைந்ததில்லை. அந்த வீடியோவை ஏழு தடவை பார்த்தேன்.

என் கணவர் தாலுகா ஆபீசில் வேலை செய்கிறார். எதற்கும் அவசரப்படாதவர். அவரிடம் சொன்னேன்.

"கரண்டி வேணும்னா டவுன்ல வாங்கிக்கலாமே?"

"கரண்டி வேணாங்க. கரண்டி பண்ணணும்."

அவர் இரண்டு நாள் வழக்கம்போல ஆபீஸ் போய் வந்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பின்னாடியா, மாடியிலயா?" என்று கேட்டார். அவர் சம்மதம் சொல்லும் முறை அதுதான்.

கரி உலை கட்டுவதற்கு லாரியின் பழைய பிரேக் டிரம் தோதானது என்று படித்திருந்தேன். கனமான வட்டப் பாத்திரம், அடியில் ஓட்டை, அதில் குழாயைச் செருகிக் காற்று விடலாம். லாரி என்றால் அரியலூர். சிமெண்டுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் ஓடி ஓடித் தேய்ந்த லாரிகளின் பாகமெல்லாம் அங்கே பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கும். ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் போனோம்.

கடைக்காரர், "எதுக்கும்மா இது?" என்று கேட்டார். கொல்லுப் பட்டறை வைக்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "செடி வைக்கிறதுக்குங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரோசாவா? அப்ப இத எடுக்காதீங்க. ஓட்டை பெருசா இருக்கிறதா பாத்து எடுத்துத் தரேன். தண்ணி நிக்கக் கூடாது பாருங்க" என்று குவியலுக்குள் ஏறி, பத்து நிமிடம் தேடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோஜாவுக்கு முட்டை ஓட்டைப் பொடி செய்து போடச் சொன்னார். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்லுக்குப் பதிலாக ஒரு லாரி ஆக்சில் துண்டும் எனக்குத் தேவைப்பட்டது. அதைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க என்று சொன்னேன். அது இருபது கிலோ இருக்கும். "கதவு அவ்வளவு பெருசா?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். என் கணவர் தலையை ஆட்டினார். பொய் சொல்ல மாட்டார், ஆனால் தலையை ஆட்டுவார்.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. ரோட்டோரத்தில் லாரியிலிருந்து விழுந்த கற்கள் அங்கங்கே கிடந்தன. வெள்ளை வெளேரென்று, கைக்கடக்கமாக, பார்க்க அழகாக இருந்தன. டிரம்முக்கு உள்ளே சுற்றிலும் கல் அடுக்கினால் சூடு வெளியே போகாது என்று தோன்றியது. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு பை நிறையப் பொறுக்கினேன். அரியலூர் ரோட்டில், சிமெண்டு ஆலைக்குப் போகும் லாரியிலிருந்து விழுந்த வெள்ளைக் கல் என்னவாக இருக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நான் கரண்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் முழுவதும் உலை கட்டினேன். கருவேலங்கரி ஒரு மூட்டை வாங்கியாயிற்று. காற்றுக்குத்தான் வழியில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் போன தடவை வந்தபோது கொடுத்த முடி உலர்த்தும் டிரையர் ஒன்று டப்பா பிரிக்காமல் பீரோவில் இருந்தது. என் முடிக்கு வெயிலே போதும். டிரையரின் வாயை ஒரு இரும்புக் குழாயில் செருகி, களிமண் அப்பி, டிரம்மின் அடி ஓட்டையில் சேர்த்தேன். சுவிட்சைப் போட்டதும் டிரம்முக்குள்ளிருந்து சாம்பல் எழுந்து என் முகத்தில் அப்பியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், சரியாக ஞாபகம் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு உலையை மூட்டினோம். என் கணவர் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், சட்டைப் பையில் தீக்காய மருந்து என்று மூன்றடி தள்ளி நின்றார். வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பி ஒன்றை நெருப்புக்குள் செருகினேன். டிரையர் கத்தியது. கரி முதலில் முணுமுணுத்தது, பிறகு ஆரஞ்சு நிறத்தில் எரியத் தொடங்கியது.

பதினைந்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். என் கணவர் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

"என்னங்க?"

"வெடிக்குது!"

"கல்லுங்க. ஈரம் இருந்திருக்கும்."

அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் இரண்டு 'டப்'. ஒரு கல் துணுக்கு என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. நான் அசையவில்லை, ஏனென்றால் கம்பியின் நுனி சிவக்கத் தொடங்கியிருந்தது. இடுக்கியால் எடுத்து ஆக்சில் துண்டின்மேல் வைத்து அடித்தேன். முதல் அடி ஆக்சிலில் விழுந்தது. இரண்டாவது அடியும் அங்கேதான். மூன்றாவது அடி கம்பியில் விழுவதற்குள் அது கறுத்துப்போயிற்று. இப்படியே ஒன்றரை மணி நேரம். கடைசியில் கம்பி எந்தப் பக்கமும் சேராமல் ஒரு கேள்விக்குறி மாதிரி நின்றது.

போதும் என்று டிரையரை நிறுத்தி, வாளித் தண்ணீரை எடுத்து உலைக்குள் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அது சரி. ஆனால் கரி அணைந்து கறுத்த பிறகும் ஆவி நிற்கவில்லை. கற்கள் ஒவ்வொன்றாக உப்பின, வெடித்தன, வாயில்லாத ஏதோ பிராணி மூச்சு விடுவதுபோல் சீறின. தண்ணீர் தானாகக் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் கல்லெல்லாம் மாவாக உதிர்ந்து டிரம்முக்குள் வெள்ளைக் கூழ்.

என் கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நெருப்புதான் அணைஞ்சிடுச்சே. கல்லு ஏன் கொதிக்குது?"

இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு கண்முன்னால் வந்து நின்றது. சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பு, அதில் தண்ணீர் ஊற்றினால் வெப்பத்தோடு நீற்றுச் சுண்ணாம்பு. ஐந்து மதிப்பெண் வினா.

"சுண்ணாம்புங்க" என்றேன்.

அவர் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?" என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமான சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். உடையார்பாளையத்துக்காரர். டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். வாயில் எந்நேரமும் வெற்றிலை. "என்ன டீச்சர், காலையிலேர்ந்து தலைய காய வெக்கிறீங்க? சத்தம் தாங்கல" என்றவர், டிரம்மைப் பார்த்துவிட்டு, கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"சுண்ணாம்புக் காளவாய் போட்டிருக்கீங்களா!"

"இல்லக்கா. கொல்லுப் பட்டறை."

"சுண்ணாம்பு எப்புடிப் பூத்திருக்கு பாருங்க. கடையில விக்கிறது சப்புனு இருக்கு. கொஞ்சம் எடுத்துக்கவா?"

"சூடா இருக்குக்கா, கரியெல்லாம் கலந்திருக்கு, அதப் போய்..."

"நான் தெளிய வெச்சு எடுத்துக்கிறேன்."

கொஞ்சம் என்றவர் ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து, ருசியில் ஒன்றாம் நம்பர் என்று சொல்லிவிட்டார். சொன்னது என்னிடம் மட்டும் இல்லை. தையல் கடைக்கு வந்த எல்லோரிடமும்.

அந்த வாரத்தில் எங்கள் தெருவுக்கு டீச்சர் வூட்டுல காளவாய் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. மாட்டுக் கொட்டகைக்கு அடிக்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். தென்னை மரத்துக்கு அடியில் பூச வேண்டும் என்று இன்னொருவர். ஒவ்வொருவரிடமும், "நான் இரும்பு அடிக்கிறதுக்குங்க இத வெச்சிருக்கேன்" என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "அப்ப எப்ப வந்து எடுத்துக்கட்டும்?" என்றார்கள். ஒருவர் வரும்போதே ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெங்காயத்தை வாங்கிய பிறகு எப்படி இல்லை என்பது?

என் திட்டம் வேறு. டிரம்மைச் சுரண்டிக் கழுவிவிட்டு, உள்ளே களிமண் பூசி, ஒழுங்கான உலையாக மாற்றிக்கொள்வது. அடுத்த புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை. பிரித்தால் வெள்ளைக் கல்.

"யாருங்க கொண்டாந்தது?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம சித்தப்பா மவன் கொல்லையில கெணறு வெட்டுன கல்லு கெடந்துது. சும்மாதான் கெடந்துது."

"எதுக்கு?"

"அந்த மாட்டுக் கொட்டாய்க்காரரு பாவம், நல்ல மனுஷன்."

எதற்கும் அவசரப்படாத என் கணவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கே எழுந்து உலையை மூட்டிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். கல்லைச் சின்னதாக உடைத்துப் போட்டால் சீக்கிரம் வேகிறது என்று கண்டுபிடித்தார். கரி ஒரு அடுக்கு, கல் ஒரு அடுக்கு. கையுறை போட்டுக்கொண்டார். நீற்றும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது என்று சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு வெளியே நான் கம்பியோடு நின்றேன்.

"ஒரு அரை மணி நேரம் இரும்பு வெச்சிக்கிறேங்க."

"இப்ப முடியாது. கல்லு வெந்துக்கிட்டு இருக்கு. நடுவுல ஆறுனா அவ்வளவும் வீணு."

"இது என் உலை."

"ஒன் உலைதான். யாரு இல்லன்னா?" என்று சொல்லிவிட்டு டிரையரைக் கூட்டி வைத்தார்.

மூன்றாவது ஞாயிறு டிரையரின் மூக்கு உருகி வளைந்தது; அவர் அதில் களிமண் அப்பி மறுபடி ஓட்டினார். அன்று சாயங்காலம்தானா நாத்தனார் வீடியோ காலில் வரவேண்டும்?

"அண்ணி, நான் குடுத்த டிரையர யூஸ் பண்றீங்களா, இல்ல அப்படியே பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"வாரா வாரம் யூஸ் பண்றோம்மா" என்றேன்.

"பண்றோமா? அண்ணனுமா?"

பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் வழுக்கைத் தலையை ஆட்டினார்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பயந்துகொண்டேதான் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"டீச்சர், நீங்க வீட்டுல ஏதோ தயாரிக்கிறதா கேள்விப்பட்டேன்."

"சார், அது வந்து, இரும்பு..."

"ஸ்போர்ட்ஸ் டே வருது. கிரவுண்டுக்குக் கோடு போடணும். பி.டி. சார் எத்தனை மூட்டை வேணும்னு எழுதிக் குடுத்திருக்காரு."

சீட்டை நீட்டினார். அதில் ஓட்டப் பாதை, கபடி, கோகோ என்று தனித்தனியாக அளவு போட்டிருந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதே வாரம் பதினொன்றாம் வகுப்பில் கால்சியம் சேர்மங்கள் பாடம். சுட்ட சுண்ணாம்பு என்று எழுதிவிட்டுத் திரும்பினால் முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கியிருந்தாள். "டீச்சர், இது உங்க வூட்டுல சார் செய்யிறாரே, அதானே?" வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோரும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பாடத்தில் அந்த வருடம் யாரும் தப்பு செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விளையாட்டு விழா நாளன்று மைதானம் முழுக்க வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்து கோடுகளை மட்டும் பார்த்தார். நூறு மீட்டரில் யார் முதலில் வந்தது என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. "மூணாவது லேன் கொஞ்சம் திப்பியா இருக்கு, சல்லடையில சலிச்சிருக்கணும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. டிரம் இனிமேல் திரும்பி வராது. சண்டை போட்டு வாங்கினாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அடிக்க முடியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு வேலையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆபீசைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் "போயிட்டு வரேன்", "வந்துட்டேன்" இரண்டும்தான்.

கொல்லையின் மறுபக்கத்தில், மாமரத்துக்கு அந்தண்டை, நான் வேறு உலை கட்டினேன். சித்தாள்கள் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்று. ஏரிக் களிமண்ணும் சாம்பலும் மணலும் பிசைந்து உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பூசி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டேன். வெடித்த இடத்தில் மறுபடி பூசினேன். ஒரு கல்கூட வைக்கவில்லை. காற்றுக்கு, ஏசி மெக்கானிக்குகள் தூசி ஊதும் ப்ளோயர். இந்தத் தடவை வாங்கும்போது கடையில் எதற்கு என்று கேட்டார்கள். "இரும்பு அடிக்க" என்று நேராகச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பில்லில் பெயர் என்ன போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

முதல் நாள் காலை கம்பி நன்றாகச் சிவந்தது. சிவப்பு தாண்டி, பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்தபோது எடுத்தேன். முதல் அடி கம்பியிலேயே விழுந்தது. இரும்பு அமுங்கியது. ரப்பரைப்போல அல்ல, மாவைப்போல அல்ல. மனம் மாறிய ஓர் ஆளைப்போல, மெதுவாக, ஒத்துக்கொண்டு அமுங்கியது. நுனி அகலமாயிற்று. கரண்டிக்கு அது போதும், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் நிறுத்த முடியவில்லை. மறுபடி சூடாக்கினேன், மறுபடி அடித்தேன். கரண்டி தகடாயிற்று, தகடு நாக்காயிற்று, நாக்கு நீண்டுகொண்டே போயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் என் கணவர் ஏதோ கத்தினார். டிரையரும் ப்ளோயரும் ஓடும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. நான் நிறுத்திவிட்டு, "என்னங்க?" என்றேன்.

"மணி ஒண்ணு ஆச்சு. சாப்பாடு?"

இரண்டு பேரும் காலையிலிருந்து அடுப்பு பற்றவைக்கவில்லை. அவர் புருவமெல்லாம் வெள்ளை. என் கையும் முகமும் கறுப்பு. யார் போய்ப் பார்சல் வாங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கல் இன்னும் வேகவில்லை என்றார் அவர். கம்பி சூடாக இருக்கிறது என்றேன் நான். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சுவர் வழியாகக் கேட்டு, அவர் வீட்டுக் குழம்பையும் சோற்றையும் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டோம். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இரண்டு பேரும் மறுசோறு கேட்டு வாங்கினோம்.