மீன் தொட்டிக்குக் கீழே வைத்த மோட்டார்

கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது கடலூரிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் மாமியார் முகம் சுளித்தது மீன் தொட்டிக்கு மட்டும்தான். இரண்டு தங்கமீன்கள், தண்ணீருக்குள் காற்று விட ஒரு சின்ன மோட்டார். பீரோவும் கட்டிலும் வந்த வேகத்தில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. அந்த வீட்டில் என்னுடையவை என்று இருந்தவை அந்த மீன்கள்தான்.

தொட்டியை ஸ்டூலில் வைத்து, மோட்டாரை அதற்கு மேலே சுவர் அலமாரியில் வைத்தேன். மறுநாளே மாமனார் அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர் அவர். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, மோட்டாரையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். மோட்டார் கீழே இருந்தால்தான் வேலை செய்யும் என்பது அவருக்கு வேதம்.

"மேல குந்திக்கினு இருந்தா மோட்டாரு திணறும்மா. உள்ள காயிலு எரிஞ்சி போயிடும்" என்றார்.

இது தண்ணீரை இழுக்கிற மோட்டார் இல்லை, காற்றை ஊதுகிறது, கீழே இருந்தால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் அதே டியூப் வழியாகத் திரும்பி இறங்கிவிடும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மோட்டார் தரையிலேயே இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மரம் விழுந்த இடத்தில் மின்கம்பியும் அறுந்தது. பஸ் எப்போது வரும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் தடவை கரண்ட் போனபோது நான் சமையலறையில் இருந்தேன். வந்து பார்த்தால் கூடமெல்லாம் தண்ணீர், தொட்டி பாதி காலி. டியூபைப் பிடுங்கிய பிறகுதான் நின்றது. டியூபில் ஓட்டை இருக்கும் என்றார் மாமனார். இன்னொரு தடவை கூடம் நனைந்தால் தொட்டி தெருவுக்குப் போகும் என்றார் மாமியார்.

நான் மோட்டாரை மேலே ஏற்றுவேன். நிலத்திலிருந்து வந்ததும் அவர் கீழே இறக்குவார். கோபத்தில் இல்லை, அக்கறையில். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபித்துக்கொள்கிற மனிதரிடம் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். வீட்டுக்காரரிடம் முறையிட்டால், அப்பாவுக்கு மோட்டாரைப் பற்றித் தெரியாதா என்று பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். கடைசியில் நானே காவல் காத்தேன். மின்விசிறி நின்றால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் டியூபை உருவுவேன்.

அந்தச் சமயத்தில் தியாகதுருகத்தில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு சாவு. மாமியாரும் நானும் போனோம். புறப்படும் முன் மோட்டாரை அலமாரியில் ஏற்றி, தயவுசெய்து தொடாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பப் பஸ் இல்லை. அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் காலையில் பாதி தூரம் நடந்து, பாதி தூரம் யாரோ ஏற்றிக்கொண்ட டிராக்டரில் வந்து சேர்ந்தோம்.

மோட்டார் தரையில் இருந்தது. தொட்டியில் மணல் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். மீன்கள் இரண்டும் மணல்மேல் பக்கவாட்டில் செத்துக் கிடந்தன.

மாமனார் தொட்டியின் முன்னால் குந்தியிருந்தார். டியூபின் நுனியைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல புட்வால்வு இல்லியா?"

கரண்ட் போனால், ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றில் இறங்காமல் பிடித்துவைக்கக் குழாயின் அடியில் மாட்டுகிற வால்வு அது. அது இல்லாமல் ஊரில் எவரும் மோட்டார் போடமாட்டார்கள்.

"இல்ல மாமா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தொட்டியைத் தூக்கி உடைக்கலாம் போல இருந்தது. இத்தனை நாளும் நான் வேறு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மீன்களை எடுத்துப்போய் வாழை மரத்தடியில் புதைத்தேன்.

ரோடு சரியானதும் அவரே சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்து மோட்டாரை ஏற்றினார். தொட்டியை நிரப்பி, சுவிட்சைப் போட்டார். குமிழி அழகாகத்தான் வந்தது. அடுத்த வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வந்தபோது அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"மீன் தொட்டிக்கு மட்டும் மோட்டாரு மேலதாங்க இருக்கணும். இல்லன்னா கரண்ட்டு போனா தண்ணி திரும்பிக்கும்."

வந்தவர் குனிந்து தொட்டிக்குள் தேடினார். "மீனு எங்கங்க?" என்று கேட்டார்.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை வைத்துவிட்டு, அவரே சொல்லட்டும் என்று அங்கேயே நின்றேன்.